ஹாய்ட் எழுந்து போன நாற்காலி

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். இது நடந்தது. 1966 செப்டம்பர், ஒரு செவ்வாய்க்கிழமை. அதுவும் பட்டப்பகலில். பேய் என்றால் இராத்திரியில்தான் வரும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு மதியத் தூக்கத்தையும் கெடுத்துக்கொள்ளுங்கள். என் தங்கை வெர்னாவின் புருஷன் ஆர்விலுக்கு நேர்ந்தது இது. அந்த ஆள் எதில் வேண்டுமானாலும் புளுகுவான். ஆனால் சீட்டாட்டத்தில் நடந்ததை ஒரு காசு கூட்டியோ குறைத்தோ சொன்னதில்லை. மீதியை நானே கண்ணால் பார்த்தேன்.

எங்கள் ஊர் டெக்சஸ் கடற்கரையில். எதிரே வளைகுடாவுக்குள் ஒரு மணல் திட்டு இருக்கிறது. அங்கே போய் வர மூன்று மைல் நீளத்துக்கு ஒரே ஒரு பாலம்தான். ஆர்வில் வீடு அந்தத் திட்டில், சக்கரம் வைத்த தகர வீடு. வெர்னாவுக்கு எட்டாம் மாதம். புயல் வருகிறது, மாலை ஐந்து மணிக்குள் திட்டைக் காலி செய்யுங்கள் என்று ரேடியோவில் காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்தார்கள்.

மகராசன் என்ன செய்தான் தெரியுமா? "ஊருக்குள்ள ரூம் பாத்துட்டு உடனே வந்துடறேன்" என்று பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பியவன், நேராக டாமினோ கட்டை ஆடும் கடையின் பின்னறைக்குப் போய் உட்கார்ந்துவிட்டான். கையில் அறுநூறு டாலர். பிரசவத்துக்கு வைத்திருந்த பணம். நானோ அவர்கள் எப்போதோ கரையேறிவிட்டார்கள் என்று நினைத்து, புயலுக்குப் புகலிடமாக்கியிருந்த பள்ளிக்கூடத்தில் மணல் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பின்னறையில் ஆடுவது வரம்பில்லாத ஹோல்டம் சீட்டாட்டம். ஆளுக்கு இரண்டு சீட்டு கவிழ்த்துத் தருவார்கள். நடுவில் ஐந்து சீட்டு எல்லோருக்கும் பொதுவாகத் திறக்கும், முதலில் மூன்று, அப்புறம் ஒன்று, கடைசியாக ஒன்று. இடையில் எப்போது வேண்டுமானாலும், முன்னால் காசுக்குப் பதிலாக இருக்கும் வில்லைகள் அத்தனையையும் தள்ளிவிடலாம். எதிரே இருப்பவன் ஈடு வைக்க வேண்டும், இல்லை சீட்டைக் கவிழ்க்க வேண்டும். அந்த அறையில் பாதி ஈடு என்பதே கிடையாது.

அதனால் ஒரு வில்லையை நகர்த்துவதற்கு முன்னால் மூன்று கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும் என்பான் ஆர்வில். எதிராளியிடம் எவ்வளவு இருக்கிறது? அவன் எப்படிப்பட்டவன்? தோற்றால் எனக்கு எது போகும்? பேச்சு மட்டும் நன்றாகத்தான் பேசுவான்.

மணி 12.15. மேஜையிலிருந்து ஹாய்ட் எழுந்தான். திட்டில் ஆர்விலுக்குப் பக்கத்து வீடு. தனி ஆள்.

"நாய் கட்டிக் கெடக்கு. போய்க் கூட்டிட்டு வந்துடறேன். ஆர்வில், உன் பொண்டாட்டியையும் ஏத்திட்டு வரவாடா?"

"ஏத்திட்டு வா மாப்ள. நாயைப் பின்னாடி போடு, அவளை முன்னாடி உக்கார வை."

"அதை நாய்தான் முடிவு பண்ணணும். முன்சீட்டை அது யாருக்கும் விட்டதில்ல."

எல்லோரும் சிரித்தார்கள். ஹாய்ட் தொப்பியை எடுத்துக்கொண்டு போனான். வில்லைகளை எடுக்கவில்லை.

அது அங்கே வழக்கம். ஒருவன் எழுந்து போனாலும் அவன் குவியல் மேஜையிலேயே இருக்கும். அவன் இடத்துக்கும் சீட்டு விழும். ஆட்டத்துக்கு ஒரு டாலர் அவன் குவியலிலிருந்து எடுப்பார்கள். முறை வரும்போது சீட்டுப் போடுகிறவர் அவன் சீட்டை ஓரமாகத் தள்ளிவிடுவார். ஆள் திரும்பி வரும்வரை குவியல் கரைந்துகொண்டே போகும்.

ஆர்வில் பழக்கதோஷத்தில் எண்ணி வைத்தான். எண்ணூற்று நாற்பது.

ஜன்னல்களுக்கெல்லாம் பலகை அடித்திருந்தார்கள். வெளியே மழை வலுத்தது. ஒரு மணி ஆயிற்று. இரண்டும் ஆயிற்று. ஹாய்ட் வரவில்லை. 2.20க்கு ஆர்வில் டெலிபோனை எடுத்துப் பார்த்தான். செத்துக் கிடந்தது.

"நேராப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போயிருப்பான். உக்காருடா" என்றார் கடைக்காரர் கிளீட்டஸ். அவர்தான் சீட்டுப் போடுகிறவர்.

உட்கார்ந்தான். இருநூறு தோற்றிருந்தான். தோற்றவனுக்கு எழுந்திருக்க மனசு வருமா?

2.50. எதேச்சையாக எதிரே ஹாய்ட்டின் நாற்காலியின் முன்னால் இருந்த குவியலைப் பார்த்தான். எண்ணினான்.

எண்ணூற்று நாற்பது.

ஹாய்ட் போனபின் நாற்பது ஆட்டமாவது நடந்திருக்கும். எண்ணூறுதான் இருக்க வேண்டும்.

"அண்ணே, ஹாய்ட் குவியல்லேருந்து எடுக்கறீங்களா, இல்லையா?"

"எல்லா ஆட்டத்துக்கும் எடுக்கறேன். உனக்கென்ன அந்தக் கணக்கு? உன் சீட்டைப் பாரு."

அடுத்த ஆட்டத்தில் உற்றுப் பார்த்தான். கிளீட்டஸ் விரலை நீட்டி ஒரு வில்லையை எடுத்தார். சரி. மறுபடி எண்ணினான்.

எண்ணூற்று நாற்பது...

மேஜையின் பச்சைத் துணி அந்த இடத்தில் மட்டும் கறுத்திருந்தது. தொட்டுப் பார்த்தான். ஈரம். அண்ணாந்து பார்த்தான். கூரை காய்ந்துதான் இருந்தது. மூக்கில் சேற்று வாடை அடித்தது, கடல் வற்றும்போது அடிக்குமே, அந்த வாடை.

3.20. கிளம்ப வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். வெர்னா முகம் கண்ணுக்குள் வந்தது. இந்த ஒரு ஆட்டம், இந்த ஒரு ஆட்டம் என்றே பதினெட்டு நிமிடம் ஓடியது.

3.38. கையில் இரண்டு ராஜா வந்தது.

இருபது டாலர் வைத்தான். பக்கத்தில் இருந்த நெல் விவசாயி எல்மோ கவிழ்த்தார். அடுத்தவனும் கவிழ்த்தான். ஹாய்ட்டின் முறை. கிளீட்டஸ் அந்தச் சீட்டை ஓரமாகத் தள்ள வேண்டும்.

தள்ளவில்லை.

டக்... டக்... என்று சத்தம். நடுவில் இருபது டாலர் வில்லைகள் கிடந்தன. யார் வைத்தது என்று ஆர்வில் பார்க்கவில்லை.

பொதுச்சீட்டு மூன்று திறந்தது. இஸ்பேட் ராஜா, இஸ்பேட் ஒன்பது, கிளாவர் நாலு. இவனுக்கு மூன்று ராஜா! அறுபது வைத்தான்.

டக்... டக்... எதிரே அறுபது வந்தது.

நாலாவது சீட்டு, இஸ்பேட் இரண்டு. இப்போது நடுவில் மூன்று இஸ்பேட். கையில் இரண்டு இஸ்பேட் வைத்திருக்கிறவனுக்கு ஒரே இனத்தில் ஐந்து சீட்டு. மூன்று ராஜா அவனிடம் தோற்கும்.

எதிர்க் குவியல் முழுவதும் நகர்ந்தது. சர்ர்ர்... என்று துணியில் இழுபட்டு நடுவுக்கு வந்து நின்றது. எழுநூற்று அறுபது.

"உன் முறை" என்றார் கிளீட்டஸ். தலை நிமிரவில்லை.

"யாருண்ணே தள்ளுனது?"

"உன் முறைடா."

எல்மோ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆர்விலுக்கு மூளை மட்டும் சுத்தமாக ஓடியது. ஹாய்ட் பதினைந்து வருஷத்தில் ஒரு தடவைகூடப் பொய்க்குத் தள்ளியதில்லை. பார்க்காத சீட்டு நாற்பத்தாறு. தன்னைக் காப்பாற்றக்கூடியது பத்து. ஐந்து தடவை ஆடினால் நாலு தடவை போகும் பந்தயம். கையில் முந்நூற்று இருபதுதான். மீதிக்கு ஈடாக வைக்க இருப்பது பிக்கப் ஒன்றுதான்.

தோற்றால் எது போகும்? வெர்னாவை ஏற்றி வருகிற வண்டி போகும்.

கவிழ்த்துவிடு. எழுந்து ஓடு. இதைவிடச் சுலபமான முடிவு இல்லை.

அவன் கை சட்டைப் பைக்குப் போயிற்று.

கையைப் பின்னால் இழுத்துப் பார்த்தான். வரவில்லை. மணிக்கட்டில் குளிர்ந்து ஈரமாக ஏதோ அழுத்தியது. அழுத்தி... முன்னால் கொண்டு போயிற்று.

"அண்ணே... நான் வைக்கல... நான் வைக்கலண்ணே..."

சாவி மேஜையில் விழுந்தது. டங்.

கடைசிச் சீட்டு டைமண்ட் ஆறு.

எதிரே இரண்டு சீட்டும் தாமாகத் திரும்பின. இஸ்பேட் ஆசு. இஸ்பேட் ராணி.

சொட்டச் சொட்ட நனைந்திருந்தன.

3.46.

சாவியைக் காணோம்.

வெளியே வண்டி கிளம்பும் சத்தம். இரண்டாவது கியரில் இருமும் அதே இருமல்... அவன் பிக்கப்.

ஓடினான். முற்றத்தில் வண்டி நின்ற இடம் காலியாக இருந்தது. பாலத்தை நோக்கி நடக்கப் பார்த்தான். காற்று அவனைத் தூக்கி வேலியில் அடித்தது. எழுந்தான். மறுபடி அடித்தது. மூன்றாம் தடவை எழ முடியவில்லை. வேலிக்கம்பத்தைக் கட்டிக்கொண்டு "வெர்னா, வெர்னா" என்று கத்தி அழுதிருக்கிறான். கிளீட்டஸும் எல்மோவும்தான் காலைப் பிடித்து உள்ளே இழுத்தார்கள்.

இனி நான் பார்த்தது.

4.25க்குப் பள்ளிக்கூட வாசலில் பிக்கப் வந்து நின்றது. உள்ளே வெர்னா மட்டும்தான். மடியில் ஹாய்ட்டின் நாய், வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு. ஓட்டுகிற இடத்தில் யாரும் இல்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அணைக்கலாம் என்று கையை விட்டேன். சாவித் துளை காலி.

காற்று தணிந்து, ஆறு மணிக்குத் தவழாத குறையாக ஆர்வில் வந்து சேர்ந்தான். வெர்னா ஓங்கி ஓர் அறை விட்டாள். அப்புறம் கட்டிக்கொண்டாள்.

"நீ வராம ஹாய்ட்டை அனுப்பறியா? வெக்கமா இல்ல?"

"அவன்... என்ன சொன்னான்?"

"வழியெல்லாம் பேசவே இல்ல. தொப்பலா நனஞ்சிருந்தாரு. அந்த நாய் அவரு பக்கமே போகலடா, என் மடிக்குள்ள பூந்துக்கிச்சு. இடுப்பு வலிக்குதேன்னு மணி கேட்டேன். வாட்சைப் பாத்து, பன்னெண்டு நாப்பதுன்னாரு."

"வேற?"

"எறங்கும்போது, 'ஆர்வில் கவுத்திருக்கணும், கவுக்க விடல'ன்னாரு. என்னடா அது?"

ஆர்வில் வெர்னாவின் வயிற்றில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை தண்ணீர் வடிந்தது. அப்போதுதான் ஊருக்கு விஷயம் தெரிந்தது. கட்டறுத்துக்கொண்ட சரக்குப் படகு ஒன்று மோதி, பாலத்தின் நடுவில் எண்பதடி தூரம் அப்படியே போயிருந்தது. மோதிய நேரத்தைப் படகுக்காரன் குறித்து வைத்திருந்தான். செவ்வாய், பகல் 12.40. அதற்குப் பிறகு திட்டுக்குப் போகவும் வழி இல்லை, வரவும் வழி இல்லை. சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஆர்வில் வண்டியை எடுத்திருந்தால், அந்த மழையில் நேராக அந்தப் பள்ளத்துக்குள்தான் விட்டிருப்பான். வெர்னா திட்டிலேயே கிடந்திருப்பாள். தகர வீடு இருந்த இடத்தில் இப்போது வெறும் மணல்.

அந்த இடைவெளிக்கு அடியிலிருந்துதான் ஹாய்ட்டின் காரைத் தூக்கினார்கள். கண்ணாடிகள் ஏற்றியபடி இருந்தன. இரண்டு கையும் ஸ்டியரிங்கில். கைக்கடிகாரம் 12.40இல் நின்றிருந்தது.

சட்டைப் பையைத் துழாவிய போலீஸ்காரர் ஒரு சாவியை எடுத்து, இது இவன் காருடையது இல்லையே என்று பக்கத்தில் நின்ற என்னிடம் நீட்டினார்.

ஆர்விலின் பிக்கப் சாவி.