பக்கத்துக் கட்டிலிலிருந்து வந்த உதவி

எண்பதுகளின் நடுப்பகுதி அது. கண்டிப் பக்கத்துப் பல்கலைக்கழகமொன்றில் முதுநிலை ஆராய்ச்சிக்குப் பதிவு செய்திருந்தேன். பயிரின் சாற்றை உறிஞ்சும் தத்திப்பூச்சியை எந்த நெல்லினம் தாங்கும் என்பதுதான் ஆய்வு. எங்கள் ஊர்ப் பக்கம் சவளக்கடையில் வாப்பாவின் வயலிலேயே பாத்தி பிரித்துப் பயிரிட்டேன். இடையில் என் மேற்பார்வையாளர் வெளிநாடு போய்விட்டார். வழிகாட்ட எவருமில்லை.

ஆய்வுக் குழுவின் முன் நின்றபோது முதல் கேள்விக்கே நாக்கு ஒட்டிக்கொண்டது. "புள்ளிவிபரம் பிழை. திருத்திக்கொண்டு வாங்க. அடுத்த முறையும் இப்படியெண்டா பதிவை நீடிக்க ஏலாது" என்றார் தலைவர். எங்கே பிழை என்று யாரும் சொல்லவில்லை. கேட்கவும் எனக்குத் தைரியம் வரவில்லை.

ஊருக்கு, கல்முனைக்குத் திரும்பினேன். தமிழ்-முஸ்லிம் கலவரத்தால் பாதை இன்று திறந்தால் நாளை மூடும். அந்த நேரம் பார்த்து உம்மாவுக்குச் சீனி வருத்தம் என்னும் நீரிழிவு கூடி, கால் புண்ணோடு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து கணக்குப் போட்டேன், அழித்தேன், மறுபடி போட்டேன். ஒருநாள் அஸர் தொழுதுவிட்டு, "யா அல்லாஹ், கேட்டுப் படிக்க ஒரு ஆளைக் காட்டு" என்று அழுது துஆக் கேட்டேன்.

திரும்பி வந்தபோது பக்கத்துக் கட்டிலில் புதிதாய் ஒரு முதியவர். பக்கத்துத் தமிழ் ஊரான காரைதீவைச் சேர்ந்த அம்மா. கூட வந்திருந்த மகள் யோகமலர் அக்கா என் தாள்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, இது நெல்லுப் பாத்திக் கணக்குத்தானே?"

"ஓம் அக்கா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் கெம்பஸில இதத்தான் படிப்பிக்கிறன்."

தாள்களை அவர் பக்கம் நீட்டினேன்.

"வாய்க்கால் பக்கத்துப் பாத்தியையும் மேட்டுப் பாத்தியையும் ஒண்டாச் சேர்த்திருக்கீங்க. வயலில பிழையில்ல. பிரிச்சுக் கணக்குப் போடுங்க" என்றார்.

ஊருக்கும் ஊருக்கும் இடையே பயம் நின்ற நாட்கள் அவை. அந்த வார்டில் அவர் எனக்குப் பாடம் எடுத்தார். கணக்கு முடிந்ததும், எழும்பி நின்று பேசச் சொன்னார். கட்டில்களில் இருந்தவர்கள்தான் சபை. அவர் குறுக்கே குறுக்கே கேள்வி கேட்பார், நான் திக்குவேன், மறுபடி தொடங்கச் சொல்வார். ஒருநாள் உம்மா சொன்னா, "நீ கதைக்கிறது எனக்கு ஒண்டும் விளங்கல்ல மகள். ஆனா நேத்தைய மாதிரி உன்ட சத்தம் நடுங்கல்ல."

உம்மா குணமாகி வீட்டுக்கு வந்தா. அக்காவின் அம்மா பிழைக்கவில்லை. அந்தச் செய்தி கிடைத்த நாளில் பாதை மூடியிருந்தது. என்னால் மரண வீட்டுக்குப் போக முடியவில்லை. அந்தத் துக்கத்திலும் அக்கா ஒரு நர்ஸிடம் சொல்லி அனுப்பியிருந்தார்: "தங்கச்சிக்குப் பயம் வந்தா நிறுத்தி மூச்சு விடச் சொல்லுங்க. அவசரப்பட வேணாம்."

மீண்டும் அதே குழு, அதே தலைவர். பிஸ்மி சொன்னேன். பயம் வந்தது. நிறுத்தி மூச்சு விட்டேன். கேள்விகள் வந்தன, பதிலும் வந்தது. பதிவை நீடித்து, ஆய்வைத் தொடரச் சொன்னார்கள். அல்ஹம்துலில்லாஹ்.

இன்று என்னிடமும் ஆராய்ச்சி மாணவர்கள் இருக்கிறார்கள். எவரையும் ஒத்திகை பார்க்காமல் குழுவின் முன் அனுப்புவதில்லை. பிழை என்றால் எங்கே என்று பக்கத்தில் இருந்து காட்டுகிறேன்.

சகோதரிகளே, வழி அடைபட்டதென்று தோன்றும்போது அல்லாஹ்விடமே கேளுங்கள். அவன் அனுப்பும் ஆள் எந்த ஊர், எந்தச் சனம் என்று பார்க்காதீர்கள்.