நகர்ந்த புகை

சைலஸ் ஹன்னஃபோர்டு சதுப்பில், அடுப்பில் விறகுபோல் எரிகிற எரிமண்ணை வெட்டிப் பிழைத்தவர். ஐம்பத்திரண்டு வயதுவரை யாரும் அவரை நம்பி எதையும் ஒப்படைத்ததில்லை. பிரெஞ்சுப் படை கடல் தாண்டி வரப்போகிறது என்று இங்கிலாந்தின் டெவன் முழுக்கப் பேச்சாக இருந்த வருஷம், ஊரிலேயே அவருக்குத்தான் பார்வை கூர்மை என்று மேட்டு உச்சியின் விறகுக் குவியலுக்குக் காவல் வைத்தார்கள்.

தெற்கே கடலோரக் குன்றில் இரவில் தீயோ பகலில் புகையோ தெரிந்தால் இவரும் மூட்ட வேண்டும். உடனே ஆண்கள் ஆயுதத்தோடு திரள்வார்கள். பெண்கள் பிள்ளைகளோடு உள்நாட்டுக்கு நடக்க வேண்டும். மகள் தாமசின் வாழ்க்கைப்பட்ட ஆற்றோர ஊருக்குத் தெரிகிற மேடு இது ஒன்றுதான். அவளுக்கு அது நிறைமாதம்.

மார்ச்சில், கிழக்குக் காற்றடித்த ஒரு மத்தியானம், தெற்குக் குன்றில் புகை எழுந்தது.

"மூட்டுண்ணே," என்றான் கூடக் காவலிருந்த ஜேக்கப்.

"இரு. பண்ணையார் கான்டர் புதர் கொளுத்துறதும் அந்தப் பக்கந்தான். நகருதான்னு பாப்போம்."

"கொளுத்தக் கூடாதுன்னு தடை இருக்கே."

"கான்டருக்கா?"

புதுப்புல்லுக்காகப் புதரைக் கொளுத்தினால் நெருப்பு காற்றோடு போகும். விறகுக் குவியல் நின்ற இடத்திலேயே எரியும். சைலஸ் கைத்தடியைத் தரையில் ஊன்றி, அதற்கு நேராகப் புகையின் அடியைப் பிடித்துப் பார்த்தார்.

"பிரெஞ்சுக்காரன் வந்து தோளைத் தட்டுவான். அவன்கிட்டயும் இருன்னு சொல்லு," என்றான் ஜேக்கப்.

கால் மணி நேரம் புகையின் அடி அசையவில்லை. பிறகு மெல்ல மேற்கே விலகியது.

மறுநாள் குதிரையில் வந்த அதிகாரி பாராட்டத்தான் வந்தார்.

"நல்ல காரியம் பண்ணின. புதர்ப் புகைன்னு பாத்ததுமே தெரிஞ்சுதா?"

அவருக்குப் பின்னால் நின்ற ஜேக்கப், ஆமாம் என்று சொல்லும்படி தலையை ஆட்டினான்.

"தெரியலைங்கய்யா. மக நெறமாசமா இருக்கா. புதர்ப் புகையா இருந்துடணும்னு நின்னேன்."

அதிகாரி சைலஸிடமிருந்து தீ மூட்டும் சிக்கிமுக்கிப் பெட்டியை வாங்கி ஜேக்கப்பிடம் கொடுத்தார்.

"வாய மூடிட்டு நின்னிருக்கலாம்ல," என்றான் ஜேக்கப், அதிகாரி போன பிறகு.

"அவரு கேட்டாரே."

பத்து நாளில் பெண்குழந்தை என்று சேதி வந்தது. சைலஸ் சதுப்புக்குத் திரும்பியிருந்தார். தெற்குப் பக்கம் முதுகு காட்டி நின்றுதான் வெட்டினார்.