சூசை பழகிய டச்சு வாய்

பொன்னமராவதிச் சந்தையில் தவிட்டுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். ஆவூர்க்காரர் ஒருவர் வந்து, "ஒங்க மேடான் கூட்டாளி சூசை போயிட்டாருங்க. நேத்துத்தான் அடக்கம்" என்றார். தவிடு வாங்காமலே வீடு திரும்பினேன்.

சூசையை அறிந்து, அவர் நினைவுக்காக இங்கே கூடியிருக்கிற உங்களுக்கு நான் என்ன பெரிதாகச் சொல்லிவிடப் போகிறேன்? மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஆனால் அவர் டச்சு பேசக் கற்ற கூத்துக்கு நான்தான் சாட்சி.

டச்சுக்காரர் ஆண்ட சுமத்ராவில், மேடானில் இருவரும் புகையிலைத் தோட்டத்துக் கூலிகள். கல்யாணமான மறுமாதமே தனியே கப்பலேறியவர் சூசை. மனைவி ஆரோக்கியத்தைத் தோட்டத்துக் கூலி லயத்து வரிசை வீட்டில் குடிவைக்க அவருக்கு மனசில்லை. டவுனில் டச்சு அம்மாள் ஒருத்தியின் ரொட்டிக்கடைக்கு ஆள் வேண்டியிருந்தது. குடும்பத்தோடு தங்க அறையும் உண்டு. வருகிறவர்களிடம் டச்சு பேசத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

வார்த்தைகள் சட்டென்று வந்துவிட்டன. உயிரெழுத்துதான் முரண்டு பிடித்தது. அதில் ஓர் ஒலிக்கு உதடு 'ஊ' என்று குவிய வேண்டும், உள்ளே நாக்கு 'ஈ' என்று சொல்ல வேண்டும்.

"உதடு ஒரு வீடு, நாக்கு ஒரு வீடு மாப்ளே. ரெண்டுக்கும் சம்பந்தம் பேசி முடிக்கணும்" என்பார்.

"சீதனம் எம்புட்டு?" என்பேன் நான்.

கிணற்றடி மரத்தில் கண்ணாடியை மாட்டி, அடுப்பு ஊதுகிற வாயோடு 'ஈ, ஈ' என்று அவர் இழுப்பதைப் பார்த்த பெண்கள், பேய் பிடித்துவிட்டது என்றே முடிவு கட்டினார்கள். அரிமளத்து அக்கா ஒருவர் பேயோட்ட முருங்கைக் கொப்போடு வந்தார்.

"சர்ச்சுக்குப் போற வேதக்காரப் பேயிக்கு முருங்கை கேக்குமாக்கா?" என்று கேட்டேன்.

"எதுக்கும் ரெண்டு போட்டுப் பாப்போம்" என்று சாத்தினார்.

அடி விழுந்ததும், இத்தனை நாள் வராத ஒலி அச்சு அசலாக வந்தது.

"அக்கா, நிறுத்தாதீங்க! இப்பத்தான் வருது!" என்று முதுகைத் திருப்பிக் காட்டினார் சூசை. அக்கா கொப்பைப் போட்டுவிட்டு ஓடியே போனார்.

கடை அம்மாளிடம் பேசிக் காட்டிய அன்று நான் வாசலில் நின்றேன். முதல் வார்த்தையிலேயே உதடும் நாக்கும் பிணங்கிக்கொண்டன. அந்த அம்மாள் சிரித்தார். இவர் தலையைக் குனியவில்லை. உதட்டைக் குவித்து மறுபடி சொன்னார். பிறகு மறுபடி. சிரிப்பு நின்றது. வேலை கிடைத்தது.

ஆரோக்கியம் வந்து இறங்கிய துறைமுகத்தில், டச்சு அதிகாரி கேட்டதற்கெல்லாம் சூசையே பதில் சொன்னார்.

"என்னங்க, அந்த வெள்ளைக்காரரப் பாத்து எதுக்கு வாயக் குவிக்கிறீங்க?" என்றது அந்தப் பெண்.

"ஒன்னைய இங்கிட்டுக் கொண்டாரத்தான் புள்ள."

ஆரோக்கியம் டிரங்குப் பெட்டியைத் தலையில் தூக்கி வைத்து, எங்களுக்கு முன்னால் நடந்தார். சூசையின் நினைவாக நான் வைத்துக்கொள்வது, அவர் பழகிய டச்சு வாய் கொண்டுவந்து சேர்த்த ஆரோக்கியத்தின் அந்த நடையைத்தான்.