குடும்பத் தலைவர்கள் மட்டும்

ஆட்டோவில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு வந்து ஊர் முழுக்கச் சொல்லிப்போனார்கள்: "புதிய வீடமைப்புத் திட்டம் தொடர்பான மக்கள் கலந்துரையாடல். குடும்பத் தலைவர்கள் அனைவரும் தவறாது சமுகமளிக்கவும்." இடம் பல்தேவைக் கட்டடம், சனிக்கிழமை காலை.

மூதூருக்குத் தெற்கே, வயலுக்கும் கடலோரக் களப்புக்கும் நடுவில் கிடக்கிறது எங்கள் ஊர். இங்கே யாரும் எதற்கும் எங்களைக் கேட்டதில்லை. ரோட்டுப் போட்டபோதும் கேட்கவில்லை, போட்ட ரோட்டைக் கிண்டியபோதும் கேட்கவில்லை. அதனால் 'கலந்துரையாடல்' என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பல்கலைக்கழகத்தை முடித்துவிட்டு வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்த காலம். மக்கள் பங்கேற்பு என்று நான் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதிய விசயம் ஆட்டோவில் ஏறி எங்கள் வாசல் படலைக்கே வந்திருக்கிறது என்று நினைத்தேன்.

அடுத்த நாளே திட்டத்தை நடத்தும் கம்பனியின் அதிகாரி ஒருவர் வீட்டுக்கு வந்தார். கொழும்புக்காரர், தமிழ்தான், என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். கூட்டத்தில் மக்கள் சொல்லும் கருத்துகளைப் பெரிய தாளில் எழுத ஆள் வேண்டுமாம். "உங்களைப் போல படிச்ச பிள்ளைகள்தான் முன்னுக்கு வரவேணும்" என்றார். நானும் முன்னுக்கு வந்தேன்.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்லாமல் மிச்சத்தைச் சொல்ல முடியாது. இங்கே வீடு பெண்ணுக்கு. மகளுக்குக் கல்யாணம் பேசும்போது ஒரு வீட்டைக் கட்டி, வளவில், அதாவது வீட்டைச் சுற்றிய காணியில், ஒரு பங்கை அவள் பெயருக்கு எழுதிக் கொடுப்பார்கள். மாப்பிள்ளை ஒரு சூட்கேஸோடு அங்கே வந்து குடியேறுவார். அடுத்தவளுக்கு அதே வளவில் இன்னொரு வீடு எழும்பும். அம்மாவின் வளவு அவருக்குத் தாய்வழியில் வந்தது. முன்வீட்டை அக்காவுக்குக் கொடுத்துவிட்டு, பின்னால் இரண்டு அறை போட்டு நானும் அம்மாவும் இருக்கிறோம். அப்பா இல்லை. அத்தான், அதாவது அக்காவின் கணவர், கிளிவெட்டிப் பக்கத்திலிருந்து வந்தவர். உழவு மெஷின் ஓட்டுகிறார். கிழக்குப் பக்கத்துத் துண்டு எனக்கு.

எனக்கு அது பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சீதனத்துக்கு எதிராக மேடையில் பேசினவள் நான். அம்மா அந்தத் துண்டில் எனக்காகச் சீமெந்துப் புளொக் கல் அரிந்து அடுக்கத் தொடங்கியபோது சண்டை பிடித்தேன்.

"நான் என்ன மாடா, மாட்டுக்கொட்டில் கட்டிக் குடுக்கிறதுக்கு?"

"மாட்டுக்குக் கொட்டில் சொந்தமில்லையடி. இது உனக்குச் சொந்தம். தாலி கட்டுற ஆளைப் புடிச்சாலும் புடிக்காட்டியும் உனக்குத்தான்."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன். அம்மா கல்லுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை கட்டடம் நிறைய ஆண்கள். தோய்த்து மடித்த சேர்ட்டுகள். சிலர் பெருநாளுக்கு வந்ததுபோல பவுடரும் போட்டிருந்தார்கள். பெண்கள் பின்பக்கத்தில், மாமரத்தின் கீழ் அடுப்பு மூட்டி, அம்மா தலைமையில் பிளேன்டீயும் வடையும். யாரும் அவர்களை உள்ளே வரவேண்டாம் என்று சொல்லவில்லை, யாரும் வரச் சொல்லவும் இல்லை. ஊருக்கு ஆள் வந்தால் தேத்தண்ணி வைப்பது அவர்கள் வேலை, அவ்வளவுதான். உள்ளே இருந்த ஒரே பெண் நான், கையில் மார்க்கர்.

அதிகாரி சுவரில் படம் காட்டினார். முதலில் மேலேயிருந்து எடுத்த எங்கள் ஊர். பிறகு அதே இடத்தில் வெள்ளை வெள்ளையாக, வரிசை வரிசையாக, ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியாத வீடுகள். அவர் சொன்னதன் சுருக்கம் இது: ஒவ்வொரு வளவுக்காரரும் தங்கள் காணியைத் திட்டத்துக்குக் கொடுப்பார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு புது வீடு, அதைச் சுற்றி ஒரு சிறிய துண்டு நிலம். அந்தத் துண்டைப் பிறகு பிரிக்கவோ, அதில் இன்னொரு வீடு கட்டவோ ஏலாது. வீடு குடும்பத் தலைவரின் பெயரில். மிச்சமாகும் காணி பொதுத் தேவைக்கு.

பொது என்றால் யார்? நான் கையைத் தூக்கினேன்.

"மிஸ், நீங்கள் எழுதுங்கோ. கேள்வியை மக்கள் கேக்கட்டும்."

மக்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது.

பிறகு மக்களின் கருத்துக் கேட்டார். எதைப் பற்றி? கூரையின் நிறம் பற்றி. சிவப்பா, நீலமா? இதை நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை. அன்றைக்குத் திறந்திருந்த கேள்வி அது ஒன்றுதான். எங்கள் ஆட்கள் அதில் பாய்ந்து விழுந்தார்கள்.

"நீலம் எண்டா வெக்கை கூட, சேர்."

"உனக்கு ஆர் சொன்னது? கடல் நீலம்தானே, வெக்கையா?"

"கடலுக்குக் கீழ போய்ப் படு, அப்ப தெரியும்."

"சிவப்பு வேண்டாம் சேர். பிறகு எலக்சன் நேரம் கரைச்சல்."

நான் எழுதினேன். சிவப்பு என்று ஒரு பக்கம், நீலம் என்று ஒரு பக்கம். தலைமுறையாக வந்த காணியைக் கொடுப்பதா இல்லையா என்று ஒருவரும் கேட்கவில்லை. வந்த ஆளின் முகத்துக்கு முன்னால் மறுத்துப் பேசுவது எங்கள் ஊரில் மரியாதை இல்லை. மறுப்பு எல்லாம் அவர் வாகனம் ஏறிப் போன பிறகு, ரோட்டில் நின்று சொல்வது. இந்த மரியாதையை அந்த அதிகாரி நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார் என்றுதான் இன்றைக்கும் நான் நம்புகிறேன்.

"அப்ப, திட்டத்துக்கு ஆதரவு தாற குடும்பத் தலைவர்கள் கையை உயர்த்துங்கோ."

முன்வரிசையில் இரண்டு கை. பிறகு பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாக எல்லாம். மூன்றாம் வரிசையில் அத்தானின் கை. அந்த நேரம் பார்த்துப் பின்கதவால் அம்மா தேத்தண்ணித் தட்டோடு வந்தார். மருமகனின் கை உயர்ந்து நிற்பதைக் கண்டார். எதற்கு உயர்ந்தது என்று அவருக்கு அப்போது தெரியாது. தட்டை ஏந்திக்கொண்டு முதல் ஆளாக மருமகனுக்கே தேத்தண்ணி கொடுத்தார்.

அதை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன்.

வீட்டுக்கு வந்து நான்தான் அம்மாவுக்கு விளக்கினேன். அத்தான் குசினி வாசலில் நின்றார். அக்கா அவரைப் பார்க்காமல் வெங்காயம் வெட்டினாள்.

"தம்பி, என்ர வளவைக் குடுக்கிறதுக்கு நீங்கள் கை தூக்கினீங்களா?" என்று அம்மா கேட்டார். அத்தானிடம் அம்மா இதுவரை குரல் உயர்த்தியதில்லை. அன்றைக்கும் உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"எல்லாரும் தூக்கினவை, மாமி."

"எல்லாரும் களப்பில குதிச்சா?" நான் இடையில் பாய்ந்தேன். "உங்களுக்கு என்ன உரித்து இருக்கு?"

அத்தான் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஒரு உரித்தும் இல்லைதான். அதைத்தான் நானும் யோசிச்சனான். இந்த வளவுக்க வந்த நாள் தொடக்கம் நான் விருந்தாள். ஒரு ஆணி அடிக்கிறதெண்டாலும் கேட்டுத்தான் அடிக்கிறனான். என்ர பேரில ஒரு வீடு எண்டு அவன் சொல்லேக்க... கை தானா மேல போயிட்டுது."

அக்கா வெட்டுவதை நிறுத்தினாள். அவர் மீது கோபப்படுவது எவ்வளவு சுகமாக இருந்தது! அந்தச் சுகத்தையும் அந்தக் கம்பனிக்காரன் பறித்துவிட்டான். அவன் எங்கள் வீட்டுக்குள் இருந்த ஒரு சின்னக் கீறலைக் கண்டுபிடித்து அதற்குள் ஆப்பு இறக்கியிருந்தான்.

"சரி," என்றார் அம்மா. "எங்கட வளவு ஒரு குடும்பமா, ரெண்டா?"

"அவங்கட கணக்கில ஒண்டு, மாமி. ஆம்பிளை நான் ஒராள்தானே."

"அப்ப நான் ஆர்? இவள் ஆர்?"

கம்பனியின் கணக்கில் அம்மா ஒரு மருமகனை நம்பி வாழும் வயதான பெண், நான் ஒரு மச்சாள். எங்களுக்கு வீடு இல்லை. வளவு இருக்கிறவளுக்கு வீடு இல்லை, வந்து ஏறினவருக்கு வீடு. சீதனத்துக்கு எதிராக நான் பேசிய மேடையெல்லாம் கண்ணுக்குள் வந்தது. ஒரு பெண் யாருடைய தயவும் இல்லாமல் நிற்பதற்கு அந்தத் துண்டு நிலம் எவ்வளவு வேண்டும் என்று அங்கே ஒரு மேடையிலும் நான் சொல்லவில்லை. சீதனம் கேட்கிறவன் மீதான கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. ஆனால் கேட்காமலே எடுக்கிறவன் மீது வருகிற கோபம் வேறு ரகம்.

அடுத்த கிழமை 'உறுதிப்படுத்தும் கூட்டம்' என்று அறிவித்தார்கள். இந்தமுறை அம்மா அடுப்பு மூட்டவில்லை. பக்கத்து வளவு மாமி கேட்டார், "அப்ப தேத்தண்ணி?"

"குடும்பத் தலைவர்மார் ஊத்திக் குடிக்கட்டும்" என்றார் அம்மா.

பெண்கள் எல்லோரும் நேரத்தோடு போய் முன்வரிசைக் கதிரைகளில் இருந்தார்கள். ஆண்கள் வந்து, பார்த்து, பேசாமல் பின்னால் போய் நின்றார்கள். அதிகாரி உள்ளே வந்து ஒரு கணம் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அம்மாமாருக்கு வேற ஒரு நாள் வைச்சிருக்கிறம். தையல் பயிற்சி பற்றியும் கதைப்பம். இண்டைக்குக் குடும்பத் தலைவர்கள் மட்டும்."

"நாங்கள்தான் சேர் அது," என்றார் அம்மா.

"இல்லையம்மா, போன கூட்டத்தில உங்கட வீட்டுக்காரர் ஆதரவு தந்திட்டார்."

"ஆர் என்ர வீட்டுக்காரர்? அவர் செத்துப்போனார். நீங்கள் கேட்டது என்ர மருமகனை. அந்த வளவில அவருக்கு ஒரு தென்னங்கண்டும் இல்லை."

பக்கத்து வளவு மாமி எழும்பினார். பின்னால் நின்ற தன் கணவரைக் கையால் காட்டினார். "இந்த மனுசனுக்கு எங்கட வளவின்ர எல்லை எதெண்டும் தெரியாது, சேர். ஆடு போன பக்கமெல்லாம் தன்ர காணி எண்டு நினைச்சுக்கொண்டு திரியிறார். இவரிட்டயா கேட்டனீங்கள்?"

மனிதர் தலையைச் சொறிந்தார். "அவ சொல்லுறது சரி, சேர். நான் வந்து ஏறின ஆள்."

கட்டடம் சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை. "கலந்துரையாடல் கட்டம் முடிஞ்சுது. மக்கள் ஆதரவு எண்டு மேலிடத்துக்கு அறிவிச்சாச்சு. இனி இதைத் திருப்ப ஏலாது. நீங்கள் சொல்லுறதைக் குறையாப் பதிஞ்சு கொள்ளுவம்." பிறகு என் பக்கம் திரும்பினார். "மிஸ், நீங்கள் படிச்ச ஆள். இவைக்கு விளங்கப்படுத்துங்கோ."

"என்னத்தை? நீங்கள் கூரை நிறம் கேட்டிட்டு நிலத்தைக் கொண்டுபோறதையா?" என் குரல் நடுங்கியது. கோபத்தில் நடுங்கும் குரலைப் பயம் என்று நினைத்துவிடுவார்கள், அதுவும் கோபத்தைக் கூட்டியது. அவர் மடிக்கணினியை மூடினார். வாகனம் புறப்பட்டது. இந்தமுறை அவர் போன பிறகு ரோட்டில் நின்று பேசுவதற்கு ஆண்களிடம் மிச்சம் ஒன்றும் இருக்கவில்லை.

மாரி மழைக்கு முன்னால் அளவைக்காரர்கள் வந்தார்கள். நாங்கள் வயலுக்குப் போயிருந்த நேரம் பார்த்துச் சிவப்பு மை பூசிய கட்டைகளை அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். புதுத் தெருவின் கோடு கிழக்குத் துண்டைக் குறுக்காக வெட்டிக்கொண்டு போனது. அம்மா கட்டைகளைப் பிடுங்கவில்லை. "பிடுங்கினா அவங்களுக்கு ஒரு கேஸ் கிடைக்கும்" என்றார். மேசனைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த வெள்ளிக்கிழமையே, நல்ல நேரம் பார்த்து, கட்டைகளுக்கு நடுவிலேயே எனக்கு அத்திவாரம் வெட்டத் தொடங்கினார்.

கல் சுமந்தது நான்தான். உள்ளங்கை உரிந்தது. அத்தான் வேலைக்குப் போகாமல் நின்றார். ஒருவரும் அவரைக் கூப்பிடவில்லை. சேர்ட்டைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு மண்வெட்டியை எடுத்தார்.

மத்தியானம் அவருடைய கைத்தொலைபேசி அடித்தது. அதிகாரி. அத்தான் கை முழுக்கச் சீமெந்து. என்னிடம் ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

"அங்க கட்டட வேலை நடக்குதாமே? அனுமதி இல்லாத கட்டடம் தெரியும்தானே? குடும்பத் தலைவர் எண்ட முறையில நீங்கள்தான் பொறுப்பு. உடன நிப்பாட்டுங்கோ."

அத்தான் அம்மாவைப் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

"சேர், காணி மாமிட. வீடு மச்சாளிட. நான் இங்க சீமெந்து குழைக்கிறன். நிப்பாட்டுறதெண்டா அவையிட்டத்தான் கேக்கவேணும்."

"நீங்கள் அண்டைக்குக் கை உயர்த்தினனீங்கள்!"

"ஓம். அது என்ர கை. வளவு என்ரயில்லை."

அக்கா தொலைபேசியை வாங்கி அணைத்தாள். அத்தானுக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தாள், கூட்டம் நடந்த நாளுக்குப் பிறகு அவள் அவரிடம் முகம் கொடுத்தது அப்போதுதான். அம்மா மட்டும் சொன்னார், "தம்பி, முன்வீட்டு விறாந்தையில உங்களுக்கு ஆணி அடிக்கிறதெண்டா இனிக் கேக்கத் தேவையில்லை."

திட்டம் கைவிடப்பட்டதா என்று கேட்டால், இல்லை. கம்பனிக்காரர்கள் வழக்குப் போடுவோம் என்கிறார்கள், பேசித் தீர்ப்போம் என்கிறார்கள், ஒவ்வொரு மாதமும் ஒவ்வொரு கதை. ஊரில் மற்றப் பெண்களும் தங்கள் மகள்மாருக்கு ஒதுக்கிய துண்டுகளில் அத்திவாரம் வெட்டுகிறார்கள். சிலரின் மகளுக்கு இன்னும் பத்து வயதுகூட ஆகவில்லை. என் வீடு ஜன்னல் மட்டத்துக்கு எழும்பி நிற்கிறது. அதில் நான் குடியிருப்பேனா தெரியாது. கொழும்பில் ஒரு வேலைக்கு நேர்முகத் தேர்வு வந்திருக்கிறது, போகத்தான் போகிறேன். அம்மா அதற்கும் மறுப்புச் சொல்லவில்லை.

"போ. பூட்டிப்போட்டுப் போ. திறப்பை உன்னட்ட வைச்சிரு" என்றார். கதவு இன்னும் போடவில்லை. போட்ட பிறகுதான் போவேன்.