பெயிண்ட் டின்னில் செவ்வந்தி

எங்கள் சித்தப்பாவுக்குச் செடியைக் கண்டால் கை சும்மா இருக்காது. சாலைக் கடைத்தெருவில் ஒரு இரும்புக்கடையில் வேலை. காலியான பெயிண்ட் டின்களைக் கொண்டுவந்து, அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, மண்ணும் சாணிப்பொடியும் நிரப்புவார். எங்கள் வாடகை வீட்டின் முற்றம் ஒரு பாய் விரிக்கிற அளவுதான். அதில் தெச்சியும் பத்துமணிப்பூவுமாகப் பதினோரு டின்கள் நின்றன. துணி காயப்போட இடமில்லை என்று அம்மா தினமும் முணுமுணுப்பாள்.

செவ்வந்தி டின் மட்டும் சித்தியுடையது. கல்யாணமானபோது நாகர்கோவிலில் தன் அம்மா வீட்டிலிருந்து ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்த செடி.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது சித்தி பிரசவத்துக்காக அங்கே போனாள். வரப்போகும் பிள்ளைக்கென்று என் பழைய சட்டைகளைத் துவைத்து மடித்து வைத்திருந்தோம். சித்தி மட்டும் திரும்பி வந்தாள். பிள்ளை எங்கே என்று கேட்டேன். அம்மா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். அது பிறந்து ஒரு பகல்தான் இருந்தது என்பது எனக்கு வெகுகாலம் கழித்தே தெரிந்தது.

சித்தி பேசவில்லை. அழவும் இல்லை. அரிசி களைந்த தண்ணீரைச் செவ்வந்திக்கு ஊற்றுவாள், கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அவள் அழாமல் இருக்கிறாளே என்று வீட்டில் எல்லாரும் கவலைப்பட்டார்கள். நான் அழாமல் இருந்தால் சமர்த்து என்று மெச்சுகிறவர்கள்தான் அவர்கள். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

ஓணம் விடுமுறையில் ஒரு காலை பல் தேய்க்க முற்றத்துக்குப் போனேன். சித்தப்பா குத்தவைத்து உட்கார்ந்து, செவ்வந்தியில் புதிதாக வந்திருந்த மொட்டுகளை ஒவ்வொன்றாக நகத்தால் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்.

“எதுக்கு சித்தப்பா?”

“மொத மொட்டக் கிள்ளிவிட்டாத்தான் பக்கத்துல கிளை வெடிக்கும், மோளே. செடி குட்டையா அடர்த்தியா நிக்கும். மார்கழியில பாரு, டின்னே தெரியாது.”

சொல்லிவிட்டு அவர் கடைக்குப் போய்விட்டார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. கிள்ளிப்போட்டது எப்படிப் பூக்கும்? சித்தியின் செடியை அநியாயமாகக் கொல்கிறார், அவளுக்கோ அது தெரியாது. சாட்சி இல்லாமல் கோள் சொன்னால் அடி நமக்குத்தான் என்பது பள்ளிக்கூடத்தில் பட்டுத் தெரிந்த பாடம். ஆகவே மொட்டுகளைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு அடுக்களைக்கு ஓடினேன்.

“சித்தி, இங்க பாருங்க. எல்லாத்தையும் சித்தப்பா கிள்ளிப் போட்டாச்சு. மொதல்ல வந்தது போனாத்தான் நல்லதாம். பொறவு நெறைய வருமாம்.”

இன்று நினைத்தாலும் என் வாயை நானே பொத்திக்கொள்ளத் தோன்றுகிறது.

சித்தி என் உள்ளங்கையைப் பார்த்தாள். மிளகைவிடக் கொஞ்சம் பெரிய பச்சை உருண்டைகள். அவற்றைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். பிறகு அழுதாள். அப்படி ஒரு அழுகையை நான் அதுவரை கேட்டதில்லை. ஓடிவந்த அம்மா என்னை அடிக்கக் கை ஓங்கினாள், அடிக்கவில்லை. சித்தியைக் கட்டிக்கொண்டு தானும் அழுதாள். ஒரு செடிக்கா இவ்வளவு என்று திகைத்து நின்றேன்.

சித்தப்பாவைக் கடையிலிருந்து அழைத்துவந்தார்கள். பெரிய சண்டை நடக்கும் என்று கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். சித்தி கையைத் திறந்து அவரிடம் காட்டினாள்.

“இனி கிள்ளாண்டாம்,” என்றாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு கேட்ட குரல்.

அவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அன்று அவர் திரும்பக் கடைக்குப் போகவில்லை.

மார்கழியில் சித்தப்பா சொன்னபடியே டின் தெரியாமல் பூத்தது. அக்கம்பக்கத்தார் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நான் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணிவிட்டு உள்ளே ஓடினேன்.

“சித்தி, நாப்பத்திரெண்டு பூ!”

சித்தி என் தலையைத் தடவினாள். “ஒண்ணு கொறையுது, மோளே.”

மறுபடியும் போய் எண்ணினேன். நாற்பத்திரண்டேதான்.

“இல்ல சித்தி, ஒண்ணும் கொறையல்ல,” என்று அடித்துச் சொன்னேன்.