சிலிண்டர் மாற்றும் முறை

ஐம்பதைத் தொடும் வயதில் என்னை எழுதக் கற்றுக்கொண்டு வரச் சொல்லி அனுப்பினார்கள். அதற்கு முன்பே இருபது வருடமாக நகைச்சுவைக் கட்டுரைகள் எழுதிக்கொண்டிருந்தேன் என்பது என் கம்பெனிக்குத் தெரியாது. பத்திரிகைகளுக்கும் அவ்வளவாகத் தெரியாது. வேலந்தாவளத்திலிருந்து கேரள எல்லை தாண்டி, கோயம்புத்தூரில் ஒரு மோட்டார் பம்பு கம்பெனிக்குப் போய்வந்தேன். பம்போடு பெட்டிக்குள் போடும் கையேட்டை யாராவது எழுத வேண்டியிருந்தது. தொழில்நுட்ப எழுத்துப் பயிற்சிக்கு நான் போனேன்.

பயிற்சி கொடுத்த அம்மாள் என் முதல் பக்கத்தைப் படித்துவிட்டு எல்லா உரிச்சொல்லையும் அடித்தார். பக்கத்தில் ‘பம்பு’ மட்டும் மிஞ்சியது. ஒரு வாக்கியத்துக்கு ஒரு வேலை, எச்சரிக்கை முன்னால் வர வேண்டும், படிப்பவர் யாரென்று தெரியாமல் பேனாவைத் தொடக் கூடாது என்றார். கடைசி நாள் இன்னொன்றும் சொன்னார்: எழுதியதைப் படிப்பவர் கையில் கொடுங்கள், அவர் செய்வதைப் பாருங்கள், வாயைத் திறக்காதீர்கள். நீங்கள் பக்கத்தில் இல்லாதபோது அது வேலை செய்கிறதா என்பதுதான் பரிசோதனை.

அதன் பிறகு என் நகைச்சுவை செத்துப்போனது. கட்டுரையில் மாமனார் வந்தால் அவரைச் சமதளத்தில் நிறுத்தி, மின் இணைப்பைத் துண்டித்துவிட்டுத்தான் கிண்டல் செய்ய முடிந்தது. ஒரு ஆசிரியர், ‘தெளிவாக இருக்கிறது’ என்று எழுதித் திருப்பி அனுப்பினார்.

பிறகு நுரையீரல் போனது. சிகரெட் இல்லாமல் சிரிப்பு வராது என்று நம்பி எழுதியவன் நான். சிரிப்பு போன பிறகும் சிகரெட் தங்கிவிட்டது. இப்போது முன்னறையில் கட்டில், பக்கத்தில் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மெஷின், மூக்கில் குழாய். கரண்ட் போனால் மெஷின் நிற்கும். குழாயை மூலையிலிருக்கும் சிலிண்டருக்கு மாற்ற வேண்டும். மாற்ற வேண்டியவள் என் மனைவி. வீட்டில் வேறு ஆளில்லை.

ஆகவே நான் படித்த படிப்புக்கு ஒரு பயன் வந்தது. ‘சிலிண்டர் மாற்றும் முறை’ என்று வாழ்நாளின் சிறந்த பக்கத்தை எழுதிச் சுவரில் ஒட்டினேன். ஒரு உரிச்சொல் கிடையாது.

ஒரு மத்தியானம் மழையில் கரண்ட் போனது. அவள் ஓடி வந்தாள். முதலில் குழாயைப் பிடுங்கினாள். பிறகு சிலிண்டர் சாவியைத் தேடினாள். எழுதியிருந்தது நேர் எதிர். எனக்குப் பேச மூச்சில்லை. சுவரைக் காட்டினேன். அவள் சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி தேடினாள். சாவி கிடைத்து, காற்று வந்து, நான் மனிதனான பிறகு கேட்டேன்.

“அத்தன தெளிவா எழுதி ஒட்டியிருக்கறனே, படிக்கறதுக்கென்ன?”

“ஏனுங்க, நான் படிச்சது மலையாளப் பள்ளிக்கூடமுங்க. தமிழ் பேசறதோட சரி. கலியாணத்துக்கு முந்தியே உங்களுக்குத் தெரியுமுங்களே.”

தெரியும். தினம் காலையில் அவள் மலையாளப் பேப்பர் படிப்பதைப் பார்த்துக்கொண்டேதான் காப்பி குடிக்கிறேன். அவளைக் கேலி செய்து இருபது வருடம் பயமில்லாமல் எழுதியதே அந்தத் தைரியத்தில்தான். எங்கள் பக்கத்தில் பாதி வீடுகள் இப்படி: வாய் தமிழ், கண் மலையாளம்.

“அப்ப ஒட்டும்போதே சொல்றதுக்கென்ன?”

“ஆசையா ஒட்டுனீங்க. கோலமாட்டம் நல்லாத்தான் இருந்துச்சு.”

எனக்கு மலையாளத்தில் பஸ் போர்டு வரைக்கும்தான் ஞானம். அதனால் நான் தமிழில் சொல்ல, அவள் அந்தத் தமிழையே மலையாள எழுத்தில் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினாள். ‘கவனமாகத் திறக்கவும்’ என்றேன்.

“கவனமா எதுக்குங்க? நான் என்ன ஆட்டமா ஆடீட்டுத் தொறக்கப் போறேன்?”

அந்தச் சொல்லை அடித்தாள். எல்லாவற்றுக்கும் மேலே எச்சரிக்கை: பக்கத்தில் நெருப்பு கூடாது. சாயங்காலம் அவள் விளக்கேற்றுவது இதே முன்னறையில். பேனாவை நிறுத்திக் கொஞ்ச நேரம் மாடத்தைப் பார்த்தாள்.

“விளக்கச் சமையக்கட்டுல வெச்சுக்கறனுங்க. சாமி ஒண்ணும் சொல்லாது. நீங்க அத வெச்சு ஒரு கட்டுரை எழுதாம இருந்தாச் சரி.”

பிறகு பரிசோதனை. நான் கண்ணை மூடிப் படுத்துக்கொள்வேன், ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்று விளக்கினேன். மெஷினை அவளே அணைத்தாள்.

ஒவ்வொரு வரியாகச் சத்தமாகப் படித்துச் செய்தாள். நான் எழுதியதை அவள் படித்து நான் கேட்பது அதுதான் முதல் தடவை. சாவியைப் போட்டதும் நின்றுவிட்டாள். எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. நாக்கு நுனியில் ‘இடது’ இருந்தது. மூச்சு குறையக் குறைய வாயை இறுக்கிக்கொண்டேன். ஒரு பக்கம் திருப்பிப் பார்த்தாள், நகரவில்லை, மறுபக்கம் திருப்பினாள். சீறல் கேட்டதும் குழாயை மாற்றினாள். மூக்குக்குக் காற்று வந்தது.

“ஆச்சுங்க.”

நான் பேசவில்லை. விதி அப்படி.

“ஏனுங்க! ஏனுங்க!”

கண்ணைத் திறந்துவிட்டேன். அவள் முகம் பக்கத்தில் இருந்தது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பேனாவை எடுத்துத் தாளில் விட்டுப்போன வரியை எழுதினாள். மெஷினைப் போட்டு, சிலிண்டரை மூடி, எல்லாவற்றையும் பழையபடி வைத்தாள்.

“இன்னொருக்காப் பாத்தர்லாமுங்க” என்று மெஷின் சுவிட்சில் கை வைத்தாள். “இந்தத் தடவ நான் கூப்புட்டாலும் கண்ணத் தொறக்கப்படாது.”