அமலராணி கீழே குடிவந்த மழைக்காலம்

பெரு நாட்டுக் கரையோரம் கடல் எத்தனை டிகிரி சுடுகிறது என்று கவலைப்படுகிற ஆள் செம்பாக்கத்தில் ஒருவர்தான். அவர் பெயர் அமலராணி. சேலையூரில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க். மாற்றுச் சான்றிதழ் எழுதித் தருவதும் வருகைப் பதிவேட்டைச் சரிபார்ப்பதும் வேலை. திங்கட்கிழமை மதியம் மற்றவர்கள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது அவர் கம்ப்யூட்டரில் பசிபிக் கடலின் வெப்பப் படத்தைத் திறப்பார். ஒரு கையில் எலுமிச்சைச் சாதம், மறு கையில் மவுஸ்.

இந்தக் கிறுக்கு 2015-இல் பிடித்தது. அந்த டிசம்பரில் முடிச்சூரில் தரைத்தளத்து வாடகை வீட்டில் இருந்தார்கள். கிரைண்டரிலிருந்து கல்யாண ஆல்பம் வரை வெள்ளம் கொண்டுபோனது. தெருவே வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தபோது, "ஏன் இந்த வருஷம்? போன வருஷம் ஏன் இல்ல?" என்று கேட்டவர் அமலராணி மட்டும்தான். கேட்டதோடு விடவும் இல்லை.

தேடிப் பிடித்த விஷயம் இதுதான். சில வருஷங்களுக்கு ஒருமுறை பசிபிக் கடலின் நடுவும் கிழக்கும் வழக்கத்தைவிடச் சூடாகும். அதற்கு எல் நினோ என்று பெயர். அந்த வருஷம் நாட்டின் பெரும்பகுதிக்குச் சோறு போடும் தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் இளைக்கும். டிவிக்காரர்கள் உடனே வறட்சி என்று அலறுவார்கள். ஆனால் சென்னையின் வயிறு நிறைவது ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்கு மழையால். அந்த மழைக்கு அதே எல் நினோ பெரும்பாலும் தீனி போடும். கூடவே இந்தியப் பெருங்கடலும் ஆப்பிரிக்கா பக்கமாகச் சூடாகிவிட்டால் கேட்கவே வேண்டாம். பசிபிக் குளிர்ந்தால், அதாவது லா நினா வந்தால், நமக்கு மழை குறையத்தான் வாய்ப்பு அதிகம்.

"வாய்ப்பு அதிகம்" என்ற இரண்டு சொற்களை அமலராணி ஒருமுறை விழுங்கிவிட்டார். அந்தக் கதையைச் சொல்லாமல் அவரைப் புகழ்வது நியாயமில்லை.

2021 லா நினா வருஷம். அதற்குள் செம்பாக்கம் ஏரியோரம் மாடி வீடு ஒன்றை வாங்கிக் குடிவந்திருந்தார்கள். கீழ் வீட்டில் ஸ்ரீநிவாசராகவன், ஓய்வுபெற்ற ஆடிட் அதிகாரி. அவர் மனைவி, எல்லோருக்கும் மாமி, பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்து சக்கர நாற்காலியில் இருப்பவர். மழை எப்படி என்று ஸ்ரீநிவாசராகவன் கேட்டார். "பயமே இல்ல சார், லா நினா" என்றார் அமலராணி. நவம்பரில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. ஏரி வழிந்து கீழ் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். மாமியைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து ஸ்ரீநிவாசராகவனும் அமலராணியின் கணவர் சுவிசேஷமுத்துவும் மாடிக்குத் தூக்கினார்கள். அதற்குள் குளிர் நெஞ்சில் இறங்கிவிட்டது. மாமி பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

வேறு யாராவது என்றால் பழியைக் கடல்மேல் போட்டுவிட்டு நழுவியிருப்பார்கள். அமலராணி ஆஸ்பத்திரிக்குப் போய், "நூத்துக்கு நூறு மாதிரி சொன்னது நான்தான் சார். தப்பு என்னுது" என்றார். அதன்பின் இரண்டு வருஷம் மழையைப் பற்றி ஸ்ரீநிவாசராகவன் அமலராணியிடம் வாயே திறக்கவில்லை. அமலராணி தன் மழை நோட்டில் 2021-க்கு நேரே சிவப்பு மையில் எழுதிவைத்தார்: மாமி, பதினோரு நாள்.

2023 செப்டம்பரில் பசிபிக் படம் சிவந்து கிடந்தது. இந்தியப் பெருங்கடலும் சேர்ந்துகொண்டது. அமலராணிக்குச் சோறு இறங்கவில்லை. சொல்லாமல் இருந்து தண்ணீர் வந்தால் மாமி இன்னொரு தடவை தாங்க மாட்டார். சொல்லி மாடிக்கு ஏற்றிவிட்டு, மழை வராமல் போனாலும் மாமிக்குத்தான் தண்டனை. கீழ் வீட்டு வாசலில் சரிவுப்பாதை உண்டு. மாலை ஐந்து மணிக்கு அவருடைய நாற்காலி கேட்டுக்கு வரும், போகிற வருகிறவர்களோடு ஒரு மணி நேரம் பேச்சு நடக்கும். மாமிக்கு உலகமே அந்த ஒரு மணி நேரம்தான். மாடி ஏறினால் அதுவும் போச்சு.

ஒரு வாரம் மென்று விழுங்கிவிட்டுக் கீழே போனார்.

"சார், மழை கொட்டறதுக்கு நூத்துக்கு அறுபது, அறுபத்தஞ்சு. அதுக்கு மேல சொல்ல மாட்டேன். டிசம்பர் முடியற வரைக்கும் நீங்க எங்க வீட்ல இருங்க. நாங்க இங்க வந்துடறோம்."

"நீங்க கீழேயா?" என்றார் ஸ்ரீநிவாசராகவன்.

"சொல்றது நான். நனையறதும் நானாவே இருக்கட்டும்."

அவர் மனைவியைப் பார்த்தார். ஒரு பக்கம் இழுத்த வாயால் மாமிதான் தீர்ப்பு சொன்னார். "ஏன்னா, போலாம். மாடியிலேர்ந்து ஏரி தெரியுமாமே."

மிச்சம் இருந்தது அடுக்களைச் சிக்கல். ஐயங்கார் வீட்டில் வெங்காயமே நுழையாது. கிறிஸ்தவர் வீட்டில் மீன் இல்லாமல் ஞாயிறு விடியாது. மேல் வீட்டு அடுப்பை அமலராணி மூன்று தடவை தேய்த்துக் கழுவிக் கொடுத்தார். "கீழ உங்க அடுக்களையில மீன் வாசம்கூட வராது சார்" என்று வாக்கும் கொடுத்தார். வாராவாரம் கோவளம் போய் வஞ்சிரம் வாங்கி வரும் சுவிசேஷமுத்துவுக்குத்தான் இடி விழுந்தது. "பசிபிக் சூடானதுக்கு நான் ஏன்மா தயிர் சாதம் சாப்பிடணும்?" என்று ஞாயிறுதோறும் கேட்டார். கேட்டுக்கொண்டே சாப்பிட்டார், நல்ல மனிதர்.

அக்டோபர் வந்தது. மழை வரவில்லை. வெயில் வழக்கத்தைவிட அதிகமாகவே காய்ந்தது. "இன்னா மேடம், வெள்ளம் எப்போ வருது? டோக்கன் எதுனா குடுக்கிறாங்களா?" என்று இஸ்திரி வண்டி மோகன்ராஜ் கேட்டார். அமலராணி சிரித்து வைத்தார். சிரிக்க முடியாதது மாலை ஐந்து மணியில்தான். பால்கனியில் மாமி உட்கார்ந்து, ஏரியைப் பார்க்காமல் கேட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். அலுவலகத்திலிருந்து திரும்பும் அமலராணிக்குத் தலை நிமிராது.

நவம்பரில் ஏதோ பெய்தது, பேருக்குத்தான். "போதும்மா, மாமியைக் கீழ கூட்டிட்டு வந்துடலாம். பாவமா இருக்கு" என்றார் சுவிசேஷமுத்து. அமலராணிக்கும் அந்த எண்ணம் வராமல் இல்லை. ஆனால், "டிசம்பர் முடியற வரைக்கும்னு சொன்னேன்" என்று மட்டும் சொன்னார்.

டிசம்பர் மூன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, புயல் சென்னைக்குப் பக்கத்தில் வந்து நகர மனமில்லாமல் நின்றது. மறுநாள் காலை ஏரி தெருவுக்கு வந்துவிட்டது. கட்டில், பீரோ, புதுசாக வாங்கிய கிரைண்டர் எல்லாம் மறுபடியும் தண்ணீரில். அமலராணியும் சுவிசேஷமுத்துவும் இடுப்பளவு தண்ணீரில் படியேறினார்கள். சுவிசேஷமுத்துவின் தலையில் பைபிளும் மழை நோட்டும். அமலராணியின் தோளில், அவர் சேலையில் சுற்றிய ஸ்ரீநிவாசராகவன் வீட்டுப் பெருமாள் படம். கதவைத் திறந்த ஸ்ரீநிவாசராகவன் படத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். உள்ளே மாமி, கால் ஈரமாகாமல், போர்வை போர்த்திக்கொண்டு சூடாக ஹார்லிக்ஸ் குடித்துக்கொண்டிருந்தார்.

தண்ணீர் வடிய நான்கு நாள் ஆனது. அதுவரை ஸ்ரீநிவாசராகவன் மனதிலேயே வைத்திருந்ததைக் கடைசியில் கேட்டார்.

"அவ்வளவு நிச்சயமா எப்படித் தெரிஞ்சுது?"

"நிச்சயமா தெரியாது சார். தெரிஞ்சிருந்தா வெறுமனே சொல்லிட்டுப் போயிருப்பேன். தெரியாததாலதான் வீட்டையே மாத்தினேன்."

கீழ் வீட்டைக் கழுவிக் காயவைக்க நாள் பிடித்தது. நான்கு பேரும் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் புளியோதரையும் தயிர் சாதமும் சாப்பிட்டார்கள். இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிறு, காலையில் வெளியே போன ஸ்ரீநிவாசராகவன் மத்தியானம் வரை திரும்பவில்லை. வந்தபோது கையை உடம்பிலிருந்து முடிந்தவரை தள்ளி நீட்டி, ஒரு கறுப்புப் பையைப் பிடித்திருந்தார்.

"கோவளம் போயிருந்தேன்" என்றார் சுவிசேஷமுத்துவிடம். "வஞ்சிரம்னுதான் கேட்டேன். அதானான்னு நீங்கதான் பார்க்கணும்."

சுவிசேஷமுத்து பையை வாங்கிப் பிரித்துப் பார்த்தார். அமலராணிதான் பதறினார். "சார், கீழ அடுப்பு போயிடுச்சே. இங்க எப்படி..."

பால்கனியிலிருந்து மாமியின் குரல் வந்தது. "அது உங்காத்து அடுப்புதானே. கதவைச் சாத்திண்டு பண்ணுங்கோ. நான் ஏரியைப் பார்த்துண்டு இருக்கேன்."

அமலராணி அடுப்பைப் பற்றவைத்துவிட்டு அழுதார். வெங்காயத்தின்மேல் பழி போடலாம் என்றால், மூன்று மாதமாக அந்த வீட்டில் ஒரு வெங்காயம்கூட இல்லை.